உப்புக்காகச் சிறை போனவர் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டியது ஏன்? சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் கதை

வேதாரண்யத்திலிருந்து தெற்கே கோடியக்கரைக்குப் போனால் வழியில் அகஸ்தியம்பள்ளி வரும். சாலையை ஒட்டி உப்பளம், வெள்ளைக் குவியல்கள், கொஞ்சம் தள்ளி உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 30-ம் தேதி இங்கே கூட்டம் கூடும், உப்பு அள்ளுவார்கள், பேப்பரில் படம் வரும். அந்தச் செய்தியில் தவறாமல் இடம்பிடிக்கும் பெயர்களில் ஒன்று சர்தார் வேதரத்தினம் பிள்ளை.

ஆனால் அந்த மனுஷர் உப்போடு நின்றுவிடவில்லை. 1930-ல் அவருக்கு வயசு 33. அதன்பிறகு 31 வருஷம் இருந்தார். அதில் கடைசி 15 வருஷத்தை அவர் கொடுத்தது ஒரு பள்ளிக்கூடத்துக்கு. வேதாரண்யத்தில் 1946-ல் அவர் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலம் இன்றும் நடக்கிறது. சட்டத்தை மீறி உப்பு அள்ளியது ஒரு காலைப்பொழுது வேலை. ஒரு பெண் பிள்ளையை 11 வருஷம் பள்ளியில் உட்கார வைப்பது அதைவிடச் சுலபமா? அந்தக் காலத்துப் படிப்பு எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

யார் இந்த வேதரத்தினம் பிள்ளை?

1897 பிப்ரவரி 25-ல் வேதாரண்யத்தில் பிறந்தவர். அப்பா பெயர் அப்பாக்குட்டி பிள்ளை. ஊரில் செல்வாக்குள்ள குடும்பம். திருமறைக்காடு என்று தேவாரம் பாடிய ஊர் அது. தாயுமானவரும், திருவிளையாடற்புராணம் எழுதிய பரஞ்சோதி முனிவரும் பிறந்த ஊர் என்ற பெருமையும் உண்டு. இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தாலும், அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா, திருத்துறைப்பூண்டி தாலுகா.

தஞ்சாவூர் ஜில்லா என்றதும் மனசில் வருவது பச்சை வயல்தான். வேதாரண்யம் அந்தப் படத்தில் சேராது. காவிரித் தண்ணீர் கிளைகிளையாகப் பிரிந்து களைத்துப்போய் வந்து சேரும் கடைமடை இது. அதற்கும் கீழே மணல், சதுப்பு, உப்பு. நெல்லோடு புகையிலையும் மாவும் சவுக்கும் சேர்ந்த பூமி. அதன் மூக்கு நுனிதான் கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டு வரும் கரை, அங்கே சட்டென்று மடங்கி மேற்கே திரும்புகிறது. ஜில்லாவின் கடைசி ஊர் என்பதால் ரோடு, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாமே அங்கே கடைசியாகத்தான் வந்தன.

வேதரத்தினம் பிள்ளை காந்தியின் வழியில் காங்கிரஸில் சேர்ந்து, சீக்கிரமே கடைமடையின் முகமாக ஆனார். 1929-ல் வல்லபாய் படேல் தலைமையில் தமிழ்நாடு காங்கிரஸின் அரசியல் மாநாடு வேதாரண்யத்தில் நடந்தது. அவ்வளவு தூரம் உள்ளடங்கிய ஊரில் மாகாண மாநாட்டை நடத்த உள்ளூரில் தெம்பான ஆள் ஒருவர் இருக்கணும். இருந்தார். மறு வருஷம் ராஜாஜி உப்பு அள்ள இடம் தேடியபோது வேதாரண்யம் முடிவானதற்கும் அதுவே காரணம். உப்பளமும் இருந்தது, நம்பி இறங்க ஒரு வீடும் இருந்தது.

1930 ஏப்ரலில் நடந்தது

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகப் பார்க்கலாம். ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன் வீட்டிலிருந்து சுமார் 100 தொண்டர்களோடு ராஜாஜி கிளம்பினார். 150 மைல், 15 நாள் நடை. நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டே போனார்கள். தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தோர்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஜெயில் என்று ஊர் ஊராக அறிவிப்பு ஒட்டினார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஏப்ரல் 28-ல் வேதாரண்யம். 30-ம் தேதி அதிகாலை அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். அடுத்தடுத்த வாரங்களில் போராட்டத்தைத் தாங்கிப் பிடித்த வேதரத்தினம் பிள்ளையும் சிறைக்குப் போனார். அவருடைய சொத்துகள் பறிமுதல் ஆயின. முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், பாதி சவரத்தில் தன் முன்னால் உட்கார்ந்திருப்பது போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனதும் இதே ஊரில்தான். சென்னையிலிருந்து வந்த ருக்மிணி லட்சுமிபதியும் இங்கே கைதானார். உப்புப் போராட்டத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். இதற்குப் பிறகு வேதரத்தினம் பிள்ளையின் பேரோடு ‘சர்தார்’ என்பதும் ஒட்டிக்கொண்டது.

அதே மாதத்தில் நடந்த இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிளம்புவதற்கு 12 நாள் முன்னால், 1930 ஏப்ரல் 1-ம் தேதி, சாரதா சட்டம் என்று சொல்லப்படும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கல்யாண வயசு 14. உப்புச் சட்டத்தை மீறினால் உடனே ஜெயில் என்றிருந்த நாட்டில், இந்தச் சட்டத்தை மீறியவர்களை யாரும் பெரிசாகத் தேடிப் போகவில்லை. குருகுலத்தின் கதைக்கு இந்த 14 என்ற எண் ரொம்ப முக்கியம்.

ஒரு பெண் ஹைஸ்கூல் போக என்னென்ன வேண்டியிருந்தது?

இன்றைக்கு 10-ம் வகுப்பு, பிளஸ் 2 என்று பேசிப் பழகியவர்களுக்கு அன்றைய ஏணி கொஞ்சம் குழப்பும். தொடக்கப் பள்ளி 5 வகுப்பு. அதன்பின் பாதை ரெண்டாகப் பிரியும். கிராமத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ‘ஹையர் எலிமென்டரி’ பள்ளியில் 8-ம் வகுப்பு வரை படித்து இ.எஸ்.எல்.சி. என்ற பரீட்சை எழுதுவார்கள். வசதியுள்ளவர்கள் டவுன் ஹைஸ்கூலில் ஃபர்ஸ்ட் ஃபாரம் சேருவார்கள். ஃபர்ஸ்ட் ஃபாரம் என்பது 6-ம் வகுப்பு. சிக்ஸ்த் ஃபாரம் என்றால் 11-ம் வகுப்பு. அதன் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. 1911-லிருந்து சென்னை மாகாணத்தில் இருந்த முறை இது. 1978-ல் பிளஸ் 2 வரும்வரை 11 வருஷப் படிப்பாகவே ஓடியது.

வயசுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5 வயசில் சேர்ந்த பெண் 8-ம் வகுப்பு முடிக்கும்போது 13, 14. சட்டம் கல்யாணத்துக்கு அனுமதிக்கும் வயசும் அதேதான். 1949-ல் அது 15 ஆனது, அவ்வளவுதான். அதாவது எஸ்.எஸ்.எல்.சி. எழுதணும் என்றால், கல்யாணத்துக்கு ‘ரெடி’ என்று ஊர் சொல்லும் வயசுக்கு மேலே இன்னும் ரெண்டு மூணு வருஷம் அப்பா அம்மா தாங்கணும். சடங்கு சுற்றிய பெண்ணை வெளியே அனுப்பவே யோசித்த காலம். அவளைத் தினமும் மைல் கணக்கில் நடந்து போய் பையன்களோடு உட்காரச் சொன்னால் எத்தனை வீட்டில் விடுவார்கள்?

தூரம் அடுத்த சுவர். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக உப்பு ஏற்றும் மீட்டர்கேஜ் ரயில் இருந்தது. ஆனால் சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து ஸ்டேஷனுக்கு வருவதே ஒரு பயணம். மழைக்காலத்தில் சதுப்பில் கால் வைக்க முடியாது. அதன்மேல் கட்டணம். ஹைஸ்கூல் அப்போது இலவசம் இல்லை. ஃபாரம் உயர உயர சம்பளமும் உயரும். பையனுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துக் கட்ட முடியாத வீட்டில் யார் நிறுத்தப்படுவார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இதையெல்லாம் தாண்டினாலும் டீச்சர் எங்கே? பெண் பிள்ளையை அனுப்புவதானால் பெண் ஆசிரியர் இருக்கணும் என்று வீட்டில் சொல்வார்கள். பெண் ஆசிரியர் வேண்டும் என்றால் முதலில் பெண்கள் படித்திருக்கணும். படித்த சில பேரும் டவுனை விட்டு உப்பளத்துக்கு வர மாட்டார்கள். முட்டையா கோழியா கதைதான்.

இந்த வட்டத்தைச் சென்னையில் ஏற்கெனவே ஒருவர் உடைத்திருந்தார். பூர்வீகம் இதே தஞ்சை ஜில்லா. இளம் விதவையாகி, 1911-ல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, மறு வருஷமே இளம் விதவைகளுக்கு விடுதி தொடங்கி, அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக அனுப்பினார். விடுதிதான் சாவி. தங்க இடம், மூணு வேளை சோறு, இரவில் காவல் என்று எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தால் தூரம், மழை, ஊர்ப்பேச்சு மூணும் ஒரே நேரத்தில் கழன்று விழும். சென்னையில் செய்ததை ஜில்லாவின் கடைசி ஊரில் செய்ய முடியுமா என்பதுதான் வேதரத்தினம் பிள்ளை இறங்கிய சோதனை.

சுதந்திர இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1951-ல் நடந்தது. நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18.3 சதவீதம். பெண்களில் 8.9 சதவீதம். பத்துப் பெண்களில் ஒருவர்கூட இல்லை. எழுத்தறிவின் கணக்கே இது. ஹைஸ்கூல் தாண்டியவர்கள் இதில் ஒரு சிட்டிகை.

ஏன் கஸ்தூர்பா பெயர்?

கஸ்தூர்பா காந்தி 1944 பிப்ரவரி 22-ல் புனே ஆகாகான் மாளிகையில், சிறைக்காவலில் இருந்தபடியே இறந்தார். அவர் பெயரில் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேலை செய்ய நாடு முழுக்க நிதி திரட்டினார்கள். இலக்கு 75 லட்சம் ரூபாய். வசூல் ஒரு கோடியைத் தாண்டியது.

கஸ்தூர்பா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. கல்யாணத்தப்போ அவருக்கு 13 வயசு. 70 வயசுக்கு மேல் அதே ஆகாகான் மாளிகையில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்தார். வயசு காரணமாகப் படித்தது மனசில் நிற்காமல் சங்கடப்பட்டார் என்று உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தேசத் தலைவரின் மனைவி என்பதற்காக மட்டும் வைத்த பெயராக இதைப் பார்த்தால் பாதிதான் புரியும். படிக்க வேண்டிய வயசில் படிக்க முடியாமல் போன ஒரு பெண்ணின் பெயர் அது. ஏழை கிராமத்துப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கஷ்டம்.

வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. அன்றைய காந்திய நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ரெண்டு பாதை இருந்தது. ஒன்று காந்தி சொன்ன ஆதாரக் கல்வி. இன்னொன்று சர்க்கார் நடத்திய எஸ்.எஸ்.எல்.சி.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி முன்வைத்து, ஜாகிர் உசேன் கமிட்டி விரிவாக எழுதிக்கொடுத்த திட்டம்தான் ஆதாரக் கல்வி. 7 வருஷம் கட்டாய இலவசப் படிப்பு, தாய்மொழியில். நூற்பு, விவசாயம், தச்சு மாதிரி ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, மற்ற பாடங்களை அதிலிருந்து கிளைவிடச் செய்யணும். கேட்பதற்குத் தத்துவம் மாதிரி இருக்கும். வகுப்பில் இது எப்படி நடக்கும் என்பதற்கு நூலையே எடுத்துக்கொள்ளலாம்.

தக்ளியில் நூற்ற நூலை, சுற்றளவு 4 அடி உள்ள சட்டத்தில் சுற்றுவார்கள். 640 சுற்று வந்தால் ஒரு சிட்டம். அப்படியானால் ஒரு சிட்டத்தில் எத்தனை அடி? 2,560. கெஜத்தில்? 853-ம் சொச்சமும். பெருக்கல், வகுத்தல், பின்னம் மூணும் வந்துவிட்டது. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ சிட்டம் எத்தனை அடங்குகிறதோ அதுதான் நூலின் நம்பர். 20-ம் நம்பர் நூலைவிட 40-ம் நம்பர் நூல் மெல்லிசு. விகிதம் புரிகிறது. பஞ்சு எந்த மண்ணில் விளையும் என்றால் புவியியல். மான்செஸ்டர் மில் துணி எப்படி வந்தது என்றால் சரித்திரம். நல்ல ஆசிரியர் கையில் இது அருமையான படிப்பு. சாதாரண ஆசிரியர் கையில்? காலையில் ரெண்டு மணி நேரம் சும்மா நூல் நூற்பது, அப்புறம் வழக்கமான மனப்பாடம். பல ஆதாரப் பள்ளிகளில் ரெண்டாவதுதான் நடந்தது என்பதை மறைப்பதில் அர்த்தம் இல்லை.

மறுபக்கம் எஸ்.எஸ்.எல்.சி. தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், சரித்திரம்-புவியியல். 1930-களின் இறுதி வரை ஹைஸ்கூலில் பாடங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான். அதன்பிறகு தமிழ் மெல்ல உள்ளே வந்தது. 1946-ல் கல்வி அமைச்சரான தி.சு.அவினாசிலிங்கம் காலத்தில் தமிழ்வழி வேர்பிடித்தது. கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இன்று உணர்வது கஷ்டம். அதுவரை கணக்கு தெரிந்த பிள்ளைகூட இங்கிலீஷ் கேள்வி புரியாமல் தோற்றது.

சோதனை முடிவில் கிடைப்பது சான்றிதழ் என்ற ஒற்றைத் தாள் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. புக் என்று ஒரு சின்னப் புத்தகம். பிறந்த தேதி, அங்க அடையாளம், மார்க் எல்லாம் அதில் இருக்கும். குறிப்பிட்ட மார்க் வாங்கினால் காலேஜ் சேரத் தகுதி என்று போடுவார்கள். அதுக்கு ‘எலிஜிபிள்’ என்று பேர். அந்தச் சொல் இல்லாமல் புக் வாங்கியவர்கள்தான் ஊரில் ‘எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில்’. ஆனாலும் அந்த ‘ஃபெயில்’கூட பல ஊர்களில் பேருக்குப் பின்னால் போடும் தகுதியாக இருந்தது!

1940-களின் கடைசியில் இதிலும் ஒரு மாற்றம் வந்தது. ஃபோர்த் ஃபாரத்திலிருந்து படிப்பைப் பிரித்தார்கள். காலேஜை நோக்கிய ‘அகாடமிக்’ பிரிவு ஒருபக்கம். எஞ்சினீயரிங், செக்ரடேரியல், விவசாயம், மனையியல் போன்ற தொழில் பிரிவுகள் இன்னொரு பக்கம். கணக்கிலும் காம்போசிட் மேத்ஸ், ஜெனரல் மேத்ஸ் என்று ரெண்டு. பெண் பிள்ளைகளை ஜெனரல் மேத்ஸ் பக்கமும் மனையியல் பக்கமும் தள்ளுவது பல பள்ளிகளில் பழக்கமாகவே இருந்தது. காம்போசிட் எடுக்காத பெண்ணுக்கு எஞ்சினீயரிங் கதவு 14 வயசிலேயே சாத்தப்பட்டுவிட்டது. அது கதவு என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே சண்டை

கைத்தொழிலா, காலேஜ் படிப்பா என்ற இந்த இழுபறி நம்ம ஊருக்கு மட்டும் உரியது இல்லை. அதே சமயத்தில் அமெரிக்காவிலும் இது பெரிய விவாதம். அங்கே 1950 வாக்கில் 17 வயசுப் பிள்ளைகளில் சுமார் 60 சதவீதம் பேர் ஹைஸ்கூலை முடித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பேர் வந்தபிறகு எல்லோருக்கும் அல்ஜீப்ரா, லத்தீன் எதுக்கு, வாழ்க்கைக்குத் தேவையானதைச் சொல்லிக்கொடுப்போம் என்று ஒரு தரப்பு. பாடம் நீர்த்துப்போகிறது என்று இன்னொரு தரப்பு. 1957 அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் ரெண்டாவது தரப்பின் குரல் ஓங்கியது. அடுத்த வருஷமே கணக்கு, அறிவியல் படிப்புக்குப் பணம் கொட்டும் சட்டம் வந்தது. 1959-ல் ஜேம்ஸ் கானன்ட் தன் அறிக்கையில், ஒரே கூரையின் கீழ் எல்லாப் பிள்ளைகளும் இருக்கட்டும், ஆனால் கெட்டிக்காரர்களுக்குக் கடினமான பாடம் கொடுங்கள் என்கிற மாதிரி சமாதானம் சொன்னார்.

இதில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1952-ல் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவின் தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ.லட்சுமணசாமி முதலியார். அந்தக் குழுவில் ஓர் அமெரிக்க உறுப்பினரும், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒருவரும் இருந்தார்கள். கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல் என 7 பிரிவுகள் ஒரே பள்ளியில் இருக்கும் பல்நோக்கு உயர்நிலைப் பள்ளியை அது பரிந்துரைத்தது. அமெரிக்க ஹைஸ்கூலின் சாயல் அதில் தெளிவாகவே தெரியும். என்ன ஒன்று, அங்கே எல்லோரும் பள்ளிக்குள் வந்தபின் கேட்ட கேள்வியை, இங்கே பத்தில் ஒரு பெண்கூடப் படிக்காத நிலையில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

1953: தொழில் என்றால் யாருடைய தொழில்?

வேதரத்தினம் பிள்ளையின் தலைவரான ராஜாஜி 1952-ல் முதலமைச்சரானார். 1953-ல் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். வகுப்பு நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கணும். ஒரே பள்ளியில் ரெண்டு ஷிஃப்ட் நடத்தினால் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அதன் நிர்வாகக் கணக்கு. குலக்கல்வித் திட்டம் என்ற பெயரில் அதை எதிர்த்துப் பெரியாரும் தி.மு.க.வும் நடத்திய போராட்டத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ராஜாஜி விலகினார். 1954-ல் காமராஜர் முதலமைச்சராகி, வந்த சில வாரங்களில் திட்டத்தைக் கைவிட்டார். வேதாரண்யப் போராட்டத்தில் சிறை போனவர்தான் அவரும்.

இதை வார்தா திட்டத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. வித்தியாசம் பெரிசு. வார்தா திட்டத்தில் தொழில் பள்ளிக்குள் வருகிறது. பண்ணையார் மகளும் பண்ணையாள் மகளும் ஒரே தக்ளியைச் சுற்றுகிறார்கள், ஒரே வாசலைக் கூட்டுகிறார்கள். 1953 திட்டத்தில் பிள்ளை பள்ளியை விட்டு அப்பா தொழிலுக்குப் போகிறது. தஞ்சை டெல்டாவில் அப்பா தொழில் என்றால் நடவும் களையெடுப்பும் மாடு மேய்ப்பதும். அந்த வருஷங்களில்தான் பண்ணையாட்களின் கூலிக்கும் உரிமைக்கும் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாத்தாவும் அப்பாவும் நின்ற சேற்றிலிருந்து கால் எடுக்கத்தான் பள்ளிக்கே போகிறார்கள். பாதி நாள் திரும்பி அங்கேயே போ என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

தங்கிப் படிக்கும் பள்ளி இந்தச் சிக்கலை வேறு வகையில் தீர்த்துவிடுகிறது. அங்கே சமையலும் கூட்டுவதும் நூற்பதும் எல்லோருக்கும் முறை வைத்து வரும். அப்பா என்ன செய்கிறார் என்று பார்த்து வராது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாகணும். 1940-களின் டெல்டா கிராமத்தில் அது எந்த வரலாற்றுப் பாடத்தையும்விடப் பெரிய பாடம்.

குருகுலம் எந்தப் பாதையில் போனது?

ரெண்டு பாதையிலும். காந்தியக் கட்டுப்பாட்டை விடவில்லை, சர்க்கார் பரீட்சையையும் ஒதுக்கவில்லை. ஆதரவற்ற, ஏழைப் பெண் பிள்ளைகளுக்கான விடுதி, தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, ஆசிரியர் பயிற்சி என்று காலப்போக்கில் அது வளர்ந்தது. இதில் கெட்டிக்காரத்தனம் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறது.

அன்றைய விதிப்படி 8-ம் வகுப்பு தேறி 2 வருஷம் பயிற்சி எடுத்தால் தொடக்கப் பள்ளி வேலை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 2 வருஷம் என்றால் ‘செகண்டரி கிரேடு’ ஆசிரியை. காலேஜ் தேவையில்லை, சென்னை போகத் தேவையில்லை. 18, 19 வயசில் மாசச் சம்பளம். காமராஜர் ஆட்சியில் ஊருக்கு ஊர் பள்ளி திறந்தபோது, 1956-லிருந்து மதிய உணவும் சேர்ந்தபோது, அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். டீச்சர் இல்லாததால் பெண்கள் படிக்கவில்லை, பெண்கள் படிக்காததால் டீச்சர் இல்லை என்ற அந்த வட்டம் உடைந்த இடம் இதுதான். சம்பளம் வாங்கும் பெண்ணின் தங்கையைப் பள்ளியிலிருந்து நிறுத்த அப்பாவுக்கே மனசு வராது.

குறையும் உண்டு. டீச்சர் என்பது பெண்களுக்கு ‘ஏற்ற’ வேலை என்று முத்திரை குத்தப்பட்டு, அதற்கு மேல் கனவு காண்பதையும் அது சுருக்கியது. ஆனால் கோடியக்கரைப் பக்கத்தில் 1950-ல் நின்று பார்த்தால் அதுவே நீண்ட தூரம்.

சொல்லப்போனால் தமிழ்நாடு முழுக்க கோடியக்கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தது. கோடிக்கரை கலங்கரை விளக்கக் காவலரின் மகள் பூங்குழலி தனியாகப் படகு ஓட்டிப் போவதை வாரா வாரம் வாசகர்கள் ரசித்தார்கள். அதே கரையில் நிஜப் பெண் பிள்ளைகள் தனியாக அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தார்கள். அந்த வருஷங்களில் புயலும் விடவில்லை. 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினம் அருகே ஒன்று, 1955 டிசம்பர் தொடக்கத்தில் தஞ்சைக் கடற்கரையில் இன்னொன்று. புயல் அடித்த வருஷத்தில் வீட்டில் முதலில் நிற்கும் செலவு பெண்ணின் படிப்பு. விடுதியில் இருந்த பெண்ணுக்கு மட்டும் அந்த வருஷமும் வகுப்பு நடந்திருக்கும்.

கடைசி ஆண்டுகள்

வேதரத்தினம் பிள்ளை சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். போராட்டத்தில் முன்வரிசையில் நின்ற பலர் சுதந்திரத்துக்குப் பிறகு சென்னையிலோ டெல்லியிலோ பதவி தேடிப் போனார்கள். அவர் ஊரை விடவில்லை. 1961 ஆகஸ்ட் 24-ல், 64 வயசில் இறந்தார். எஸ்.எஸ்.எல்.சி. வரை கட்டணம் இல்லை என்ற நிலை தமிழ்நாட்டில் முழுசாக வந்தது 1960-களின் நடுவில். அதைப் பார்க்க அவர் இல்லை.

1998-ல் அஞ்சல் துறை அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, மாமரமும் தென்னையும் உப்பளமும் சேர்ந்து நாசமானது. தண்ணீர் வடிந்து, கரண்ட் கம்பம் நட்டு, பள்ளிகள் மறுபடி திறந்தபோது, பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தவர்களில் குருகுலத்துப் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.